சனிக்கிழமை ஃபோன்

மாப்பிள்ளை வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை என்று நான் சபதம் எடுத்தது, என் பெண் தீப்தியின் கல்யாணத்தன்று, பந்தியில் பாயசம் பரிமாறும்போது. பக்கத்து இலைக்காரர்கள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அதுவரை என்னை யாரும் தங்கச் சொல்லி அழைத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம். எங்கள் குடும்பத்து ஆண்கள் பரம்பரையாக இப்படித்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் காபி சாப்பிடலாம், சாப்பாடும் சாப்பிடலாம். பொழுது சாய்ந்தால் செருப்பைத் தேட வேண்டும். என் அப்பா இந்தக் கொள்கையை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தார். அவருக்குப் பெண்ணே கிடையாது என்பதால் அதில் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு இருந்தது. நான் ஜம்பு. புனேயில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற சூட்டோடு, நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு புனேயைத் தாண்டி இருக்கும் தளேகாவில் ஒரு பெரிய ஃப்ளாட் வாங்கினேன். மூன்று படுக்கையறை, இரண்டு பால்கனி. என் மனைவி விசாலாக்ஷி முதல் நாள் எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் பெருக்கித் துடைக்கப் போவது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் காற்றைப் பற்றிப் பேசினேன்.

பிறகு புனேக்குள் பாணேரில் இருக்கும் தீப்திக்குக் குழந்தை பிறந்தது. அவளுக்கும் மாப்பிள்ளை அபினவுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவு முடிந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாசம் என்று சொல்லிவிட்டு விசாலம் போனாள். குழந்தை சுப்ரஜா இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள், கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கி எறிகிறாள். விசாலம் மட்டும் திரும்பி வரவில்லை.

போன புதிதில் ஒரு தடவை கேட்டாள். "நீங்களும் இங்கயே வந்து இருங்கோளேன்."

"பொண் ஆத்துல நான் தங்க மாட்டேன். அன்னிக்கே சொல்லியாச்சு."

"சரி."

அவ்வளவுதான். மறுபடி கேட்கவே இல்லை. அந்த 'சரி'யை நான் என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். எந்த மனைவியும் இரண்டாவது தடவை கேட்பாள் என்று நம்பித்தான் எந்தக் கணவனும் முதல் தடவை மறுக்கிறான். இந்த விதி விசாலத்துக்குத் தெரியவில்லையா, அல்லது நன்றாகத் தெரிந்திருந்ததா என்பது இந்தக் கதையின் கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

தளேகாவில் காற்று நன்றாகத்தான் வந்தது. அதைத் தவிர வேறு எதுவும் வீட்டுக்குள் வரவில்லை. மூன்று அறைகளில் ஒன்றில் தூங்குவேன். மற்ற இரண்டையும் தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். காபி போட்டால் பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிடும் கை. ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பேன். டிவியில் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன், வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். எனக்குத் தனியாக இருந்தது. இதை விசாலத்திடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பாயசம் சாட்சியாகச் சபதம் எடுத்தவன் அதை எப்படிச் சொல்வான்?

குழந்தை தூங்கிய பிறகு விசாலம் தினமும் ஃபோன் பண்ணுவாள். குழந்தை விழித்துக்கொள்ளாமல் இருக்கக் குசுகுசுவென்று பேசுவாள். இந்தப் பக்கம் ஒரு காலி வீட்டில், எழுப்புவதற்கு ஒரு ஆள்கூட இல்லாத இடத்தில், நானும் குசுகுசுவென்றே பேசுவேன். ரசம் வைத்தேளா, மாத்திரை போட்டுண்டேளா, கொட்டாவி, வச்சுடட்டுமா. அவ்வளவுதான் எனக்கு ஒரு நாளைக்கு.

இந்தச் சமயத்தில்தான் என் ஃபோன் என்னைக் காப்பாற்ற முன்வந்தது. அது பழைய ஃபோன். உள்ளங்கையில் அடங்கும், சட்டைப் பையில் போட்டால் இருக்கிறதே தெரியாது. ஒரு நாள் காலையில் பேங்க் ஆப்பைத் திறந்தால், இந்த ஃபோனுக்கு அப்டேட் வருவது நின்றுவிட்டது, இதில் இனி நான் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டது. ஃபோன் நன்றாகத்தான் இருந்தது. அதைச் செய்தவர்கள்தான் அதைக் கைகழுவிவிட்டார்கள். ஒரு நிமிஷம் அதன்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

அன்று ராத்திரி விசாலத்திடம் சொன்னேன். வேறு வாங்கிவிடுங்கோ, ஆனால் ரொம்ப நாள் உழைக்கிறதாகப் பார்த்து வாங்குங்கோ, அடிக்கடி மாற்ற முடியாது என்றாள். நான் விசாரித்தேன். விசாரிக்க விசாரிக்க எனக்கு முகம் மலர்ந்தது. ஏனென்றால் இது தீர்க்கவே முடியாத பிரச்சினை.

விஷயம் இதுதான். சில ஃபோன்களுக்கு ஏழு வருஷம் வரை அப்டேட் தருகிறார்கள். ஆனால் அவையெல்லாம் டிபன் தட்டு சைஸ். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகச் சாய்கிறது. கையில் அடங்குகிற மாதிரி ஒன்றை எடுத்தால் அதற்கு இரண்டு வருஷத்தில் ஆதரவு நின்றுவிடும். கையடக்கம் வேண்டுமா, ஆயுசு வேண்டுமா? இரண்டும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முடிவே வராது. முப்பது வருஷம் கணக்கு அலுவலகத்தில் இருந்தவன் நான். ஒரு ஃபைலை மூடாமல் வைத்திருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

என் திட்டம் எளிமையானது. கல்யாணம் ஆன நாள் முதல் நான் விசாலம் இல்லாமல் ஒரு பனியன்கூட வாங்கியதில்லை. ஃபோனையும் அவள்தான் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்வேன். அவள் தளேகாவுக்கு வருவாள். வந்தால் தங்குவாள். தங்கினால் இங்கே ஒரு டம்ளருக்கு வேலை வரும்.

"கையில பிடிச்சுப் பாத்தாதான் தெரியும் விசாலம். நீ ஒரு நடை வந்தயானா..."

"தளேகாவ்ல என்ன கடை இருக்கு? இங்க குல்கர்ணி கடையில எல்லாம் இருக்கு. சனிக்கிழமை நீங்க வாங்கோ."

திட்டம் தலைகீழாகிவிட்டது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் மோசமில்லை. அவள் இங்கே வந்தால் என்ன, நான் அங்கே போனால் என்ன. சனிக்கிழமை ஒன்று கையில் கிடைத்தது. அதை நீட்டிக்கொண்டே போவது என் சாமர்த்தியம்.

முதல் சனிக்கிழமை கணபதி வைத்திருந்த வாரம். தெருவெல்லாம் மேளம். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலில் சிவாஜிநகர் போய், பஸ் பிடித்துப் பாணேர் போனேன். விசாலம் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள். குல்கர்ணி தட்டு தட்டாக எடுத்துப் போட்டார். இது ஏழு வருஷம் காகா, இது ஆறு வருஷம் காகா என்று மராட்டி முறைப்படி மாமா போட்டு அடுக்கினார். நான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்தேன். கட்டைவிரல் அந்த மூலைக்கு எட்டவில்லை என்றேன். எட்டுகிற ஒன்றைக் காட்டினார். அதற்கு எத்தனை வருஷம் என்றேன். அவர் மேலே பார்த்தார். நான் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். விசாலமும் மறுப்புச் சொல்லவில்லை.

கடையிலிருந்து வெளியே வந்து, பூங்காச் சுவரோரம் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தோம். தட்டில் ஜவ்வரிசி வடை. குழந்தை வண்டியில் தூங்கியது. விசாலம் தீப்தியைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி, லிஃப்டைப் பற்றி, வேலைக்காரியைப் பற்றி எல்லாம் சொன்னாள். குசுகுசுவென்று அல்ல, அவளுடைய உண்மையான குரலில். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. இருட்டுவதற்குள் கொள்கைப்படி கிளம்பினேன். லோக்கலில் ஜன்னலோரம் கிடைத்தது, வெளியே பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்படியே சனிக்கிழமைகள் ஓடின. ஆராய்ச்சிக்கு ஒரு ஆதாரம் வேண்டும் அல்லவா? புனேக்காரர்கள் கொறிக்கும் பாகர்வடி வாங்கிய அட்டைப் பெட்டியை வெட்டி, குல்கர்ணி சொன்ன நீள அகலத்தில் ஃபோன்கள் செய்தேன். பெரியது, நடுத்தரம், சின்னது. வாரத்தில் ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து பார்ப்பது, குனிந்து பார்ப்பது, காதில் வைத்துப் பார்ப்பது. விசாலத்திடம் அறிக்கை கொடுக்க இதெல்லாம் உதவியது. சின்ன அட்டை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பக்கத்து ஃப்ளாட்டில் ஜோஸ்பின் டீச்சர் இருக்கிறார். கட்கி கன்டோன்மென்ட் பக்கம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலி. கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கும், மற்ற நாட்களில் புத்திமதியும் கொடுப்பார். ஒரு சாயங்காலம் நான் பால்கனியில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்துப் பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"சார், யாருட்ட பேசிட்டு இருக்கிய?"

"ஃபோன்ல, டீச்சர்."

"அது ஃபோனா? பாகர்வடி அட்டைல்லா."

நான் அட்டையைக் காதிலிருந்து எடுத்தேன். "அளவு பாக்கறேன். ஃபோன் வாங்கணும். காதுக்கு எப்படி இருக்கும்னு..."

"அளவு பாக்கதுக்கு எதுக்கு சார் பேசணும்?"

"பேசினாத்தானே கை வலிக்கறதான்னு தெரியும்."

"அப்பம் விசாலம் அக்கா பேர எதுக்குச் சொல்லுதிய?"

அன்றைக்கு மத்தியானம் பூரா யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அட்டையைக் காதில் வைத்ததும் வாய் தானாக விசாலம் என்று ஆரம்பித்துவிட்டது. கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனதையும், மாடியில் புதிதாக யாரோ குடிவந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எப்போ வரப்போறே என்றும் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. டீச்சர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிக்கவில்லை. நான் அக்காட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே போனதும் அவர் ஃபோனில் பேசும் சத்தம் கேட்டது. அவருடையது நிஜ ஃபோன்.

விசாலம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் டீச்சர் வாக்குத் தவறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி போனது, சங்கராந்தி போனது. நான் நிராகரித்த ஃபோன்களைக் கொட்டினால் ஒரு ரிக்ஷா நிறையும். ஒன்று வழுக்கியது. ஒன்று பையில் குத்தியது. ஒன்றின் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டு மேஜையில் ஆடியது. குல்கர்ணி என்றைக்கும் கோபப்படவில்லை. அவர் முகத்தில் ஒரு புன்னகை இருந்துகொண்டே இருந்தது. இவ்வளவு பொறுமையான வியாபாரி புனேயில் உண்டா என்று நான் வியந்தேன். விசாலத்திடமும் சொன்னேன். நல்ல மனுஷர் என்றாள்.

பிறகு வந்தது அந்த ஆபத்தான சனிக்கிழமை. அன்று குல்கர்ணி கடையில் இல்லை. அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல, ஏழு வருஷம் அப்டேட் வரவேண்டும், ஆனால் கையில் அடங்கவேண்டும் என்றேன். அந்த அம்மாள் கீழே குனிந்து ஒரு பெட்டியை எடுத்து, ஒரு ஃபோனை என் உள்ளங்கையில் வைத்தார்.

அடங்கியது. கட்டைவிரல் எல்லா மூலைக்கும் எட்டியது. என் சின்ன அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. எத்தனை வருஷம் என்று கேட்டேன். ஏழு என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. உலகத்தில் இப்படி ஒரு ஃபோன் இருக்கக்கூடாது. இதை வாங்கிவிட்டால் அடுத்த சனிக்கிழமை எதற்காக வருவேன்? பெஞ்சு, ஜவ்வரிசி வடை, அவள் குரல், எல்லாம் ஒரு பெட்டிக்குள் போய் மூடிக்கொள்ளும். ஏதாவது குறை கண்டுபிடிக்க ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமே அகப்படவில்லை. அந்த நேரத்தில் அந்த அம்மாள் விசாலத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே மராட்டியில் காகூ என்று, அதாவது மாமி என்று கூப்பிட்டு ஏதோ ஆரம்பித்தார். விசாலம் சட்டென்று மராட்டியிலேயே குறுக்கிட்டு நீளமாக என்னவோ சொன்னாள். அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டார். எங்கள் அலுவலகத்தில் தமிழில் சண்டை போட்டு இந்தியில் சமாதானம் ஆவோம், மராட்டிக்கு அவசியம் வரவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன சொல்றா?"

"குழந்தைக்கு என்ன வயசுன்னு கேக்கறா."

"சரி, இந்த ஃபோன்..."

"நிறம் நன்னால்லை. ஏழு வருஷம் இந்த நிறத்தையா பாத்துண்டிருக்கறது? வேற பாக்கலாம். அடுத்த வாரம் வாங்கோ."

அவளைக் கும்பிடலாம் போலிருந்தது. நான் தேடித் தேடிக் கிடைக்காத குறையை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். பெண்களுக்கு நிறத்தில்தான் எத்தனை கவனம் என்று நினைத்தபடி, அன்று ஒரு பிளேட் வடை அதிகமாக வாங்கினேன்.

ஹோலி கழிந்த சனிக்கிழமை கடைக்குப் போகவில்லை. வெயில் அதிகமாக இருந்தது. தீப்தியும் அபினவும் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் போகலாம் என்று விசாலம் சொன்னதால் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். என் பழைய ஃபோன் சோபாவில் கிடந்தது. வேலைக்காரி தரை துடைத்த வாளி பால்கனிக் கதவோரம் இருந்தது. சுப்ரஜா இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

தொபுக்கென்று சத்தம் கேட்டது. வாளியில் கையை விட்டு எடுத்தேன். ஃபோன் ஒரு தடவை வெளிச்சம் காட்டியது, பிறகு கறுத்துப்போயிற்று. அழுத்தினேன், உதறினேன், வேஷ்டியால் துடைத்தேன். குழந்தை கைதட்டியது.

விசாலம் அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். "கையில அடங்கற ஃபோன் வேணும் வேணும்னேளே. அவ கையிலயும் அடங்கிடுத்து. பெரிசா இருந்தா தூக்கியிருக்க முடியுமா?"

நனைந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்று ராத்திரி தளேகாவில் அந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், குழந்தை தூங்கிய பிறகு வருகிற அந்தக் குசுகுசுவும் கிடையாது என்பதுதான் கண் முன்னால் நின்றது.

"விசாலம், இன்னிக்கு ராத்திரி நீ எப்படிப் பேசுவே?"

"ஒரு நாள் பேசலைன்னா என்ன?"

"எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

சொல்லிவிட்டேன். சபதம், சாமர்த்தியம் எல்லாவற்றையும் தாண்டி அது வெளியே வந்துவிட்டது. விசாலம் ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய் அரிசி டப்பாவைத் திறந்தாள். நனைந்த ஃபோனை அரிசிக்குள் புதைத்து வைத்தால் சில சமயம் பிழைக்கும் என்பார்கள். நம்பிக்கையோடு பின்னாலேயே போனேன். அவள் முழங்கை வரை அரிசிக்குள் கையை விட்டாள். கை வெளியே வந்தபோது அதில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பெட்டி இருந்தது.

பெட்டிக்குள் அதே ஃபோன். கட்டைவிரல் எட்டுகிற, ஏழு வருஷ, நூல் பிசகாத ஃபோன். நிறம்கூட அதேதான்.

"இது... எப்போ வாங்கினே?"

"கணபதி வாரம். நீங்க மொத மொத வந்தேளே, அதுக்கு முந்தின நாள். ஃபோன் போயிடுத்துன்னேள். குல்கர்ணிகிட்ட சொன்னேன், சின்னதா, ரொம்ப நாள் உழைக்கறதா வேணும்னு. எடுத்துக் கொடுத்தார்."

"ஒரே நாள்லயா?"

"ஒரு நிமிஷம் ஆச்சு."

நான் அட்டை வெட்டிய நாட்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். குல்கர்ணியின் புன்னகை நினைவுக்கு வந்தது. அவருடைய அக்கா மராட்டியில் ஆரம்பித்தது, நீங்கள்தான் இதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களே என்பதாகத்தான் இருக்கவேண்டும்.

"வாங்கினதை ஏன் கொடுக்கலை?"

"கொடுக்கத்தான் கையில எடுத்துண்டு கடை வாசல்ல நின்னேன். நீங்க இஸ்திரி போட்ட சட்டையில, மூஞ்சிக்குப் பவுடர் போட்டுண்டு வந்து இறங்கினேள். ஃபோன் பாக்க வரவா பவுடர் போட்டுண்டா வருவா? பையில போட்டுட்டேன்." அரிசி டப்பாவை மூடினாள். "கொடுத்துட்டா அடுத்த சனிக்கிழமை வருவேளா?"

"நான்தான் சனிக்கிழமையை இழுத்துண்டிருந்தேன், விசாலம். உன்னைப் பாக்கறதுக்கு. அது என் திட்டம்."

"தெரியும். நன்னாத்தான் இழுத்தேள். நிறம் மட்டும் நான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

என் திட்டத்துக்கு அவள் மதிப்பெண் போட்டுவிட்டாள். அட்டை விஷயம் தெரியுமா என்று கேட்டேன். ஜோஸ்பின் டீச்சர் அன்றைக்கே சொல்லிவிட்டாராம். கேட்டு அழுதேன் என்று விசாலம் சாதாரணமாகச் சொன்னாள், பருப்பு வெந்துவிட்டது என்று சொல்கிற குரலில். அப்படியானால் அப்போதே வாங்கோ என்று கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

"கூப்பிட்டேனே ஒரு தடவை. பாயசத்தை இழுத்தேள்."

எனக்கு ரோஷம் வந்தது. இத்தனை மாசம் ஏமாந்தது போதும், மிச்சமிருக்கும் கௌரவத்தோடு சாயங்கால லோக்கலைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அதோடு வேறொன்றும் உறைத்தது. ஏழு வருஷம், ஏழு வருஷம் என்று நான் பேசிய ஆயுசில் அரை வருஷம் அரிசிக்குள்ளேயே கழிந்திருந்தது. ஒரு வருஷ வாரண்டியில் பாதி போயே போய்விட்டது. கொடு, கிளம்புகிறேன் என்று கையை நீட்டினேன்.

விசாலம் அதற்குள் ஃபோனைச் சார்ஜில் போட்டு, பழைய சிம்மையும் மாற்றி, வைஃபையும் கொடுத்துவிட்டாள். ஃபோன் கண்ணைத் திறந்ததும் அப்டேட் வந்திருப்பதாகச் சொன்னது. அத்தனை மாசமாக வந்து சேர்ந்ததெல்லாம் மொத்தமாக வாசலில் நின்றது.

"ஆறு மாச அப்டேட். நடுவுல பிடுங்கினா ஃபோன் கெட்டுப்போயிடும். முடியட்டும், எடுத்துண்டு போங்கோ." குழந்தைக்கு எட்டாமல் ஃப்ரிட்ஜ் மேல், திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள்.

உட்கார்ந்தேன். வேறு வழியில்லை. குழந்தை என் மடியில் ஏறி மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. மோர்க்குழம்பு வாசனை வந்தது. தீப்தியும் அபினவும் திரும்பி வந்தார்கள். இருட்டிய பிறகும் நான் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அபினவ் வாசலிலேயே நின்றான். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழைத் தேடித் தேடிப் பேசுவான்.

"அப்பா, உங்க... அது... சபதம்?"

"ராத்திரி தங்கறதில்லைன்னுதான் சபதம்," என்றாள் விசாலம். "இது தங்கறதில்லை. ஃபோனுக்குக் காவல்."

எனக்கே அது நியாயமாகப் பட்டது. சாப்பிட்டோம். மோர்க்குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். சுப்ரஜா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள், அசைந்தால் முழித்துக்கொள்வாள் என்று அசையாமல் இருந்தேன். லோக்கல் போய்விட்டிருக்கும் என்று ஒரு தடவை நினைத்தேன். மேற்கொண்டு நினைக்கவில்லை. விசாலம் கூடத்தில் படுக்கையைப் போட்டு, அலமாரியிலிருந்து ஒரு புது டூத் பிரஷ்ஷையும் என் பிரஷர் மாத்திரையையும் எடுத்து வைத்தாள். மாத்திரை அட்டையின் மேல் தூசி படிந்திருந்தது. இவையும் கணபதி வாரத்திலேயே வாங்கியவையாகத்தான் இருக்கவேண்டும், நான் கேட்கவில்லை.

குழந்தையை நடுவில் போட்டுப் படுத்துக்கொண்டோம். விசாலம் மாத்திரை போட்டுண்டேளா என்று கேட்டாள், கொட்டாவி விட்டாள். அதே குசுகுசு. ஆனால் ஃபோனில் இல்லை, கை எட்டும் தூரத்தில். ஏதாவது பேசவேண்டும் என்று பேசினேன்.

"விசாலம், அந்த அப்டேட் முடிஞ்சுதா?"

"நீங்க ரெண்டாம் தடவை மோர்க்குழம்பு கேட்டேளே, அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுத்து."

"பின்னே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே."